10 வெற்றி, 72 தோல்வி

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஃபிலடெல்ஃபியாவின் பிராட் ஸ்ட்ரீட் சப்வேயில் தெற்கே கடைசி நிறுத்தம் வரை நின்றுகொண்டே போனேன். அந்த சீசனில் ஊரின் கூடைப்பந்து அணியான சிக்ஸர்ஸின் ஆட்டத்துக்குப் போகும் ரயிலில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பாதிப்பேர் போட்டிருந்தது எதிரணியான லேக்கர்ஸின் சட்டை, முதுகில் 24. அந்த எண்ணுக்குரிய நட்சத்திரம் கோபி பிரையன்ட் அந்த சீசனோடு ஓய்வு பெறப்போவதாக அறிவித்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அவர் பிறந்தது ஃபிலடெல்ஃபியாவில். பள்ளியில் ஆடியது ஊரை ஒட்டிய லோயர் மெரியனில். சொந்த ஊரில் அவருக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

வழக்கமாக மேல் அடுக்கு டிக்கெட் ஒரு வேளை சாப்பாட்டுக் காசுக்குக் கிடைத்துவிடும். அன்றைக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்கியிருந்தேன். கிளம்பும்போது அறையில் என்னோடு தங்கியிருந்த தம்பி கேட்டான். மதுரைப் பக்கத்துப் பையன், கிரிக்கெட்தான் அவனுக்கு எல்லாம். "ஏண்ணே, தோக்கணும்னே டீம் கட்டியிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்குக் காசு கொடுத்துப் போய்ப் பார்க்குறீங்க?"

வந்து சொல்றேன்டா என்று கிளம்பிவிட்டேன். வந்தும் சொல்லவில்லை. அவன் கேட்டதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. இந்தப் பத்து ஆண்டுகளில் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவும் இல்லை.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஆண்டுதோறும் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். கல்லூரியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகளுக்குப் போகாத அணிகளுக்கு அந்த வரிசையில் முன்னிடம், மோசமாக ஆடியவர்களுக்கு இன்னும் முன்னால். நலிந்த அணியைக் கைதூக்கிவிடும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தச் சலுகைக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. எப்படியும் இந்த ஆண்டு ஜெயிக்கப்போவதில்லை, நன்றாகவே தோற்றுவிட்டால் நல்ல பையன் கிடைப்பானே என்று நிர்வாகம் கணக்குப் போடத் தொடங்கும். அதற்கு டேங்கிங் என்று பெயர்.

ஆட்டக்காரர்கள் வேண்டுமென்று தோற்பதில்லை. இதைத்தான் அந்தத் தம்பிக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். களத்தில் இருப்பவனுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. அவன் எதற்குத் தோற்கப் பார்ப்பான்? தோல்வியைத் தயாரிப்பது மேலே இருக்கும் அலுவலகம். அனுபவசாலிகளை விற்றுவிடும், சின்னக் காயம் என்றாலும் நல்ல ஆட்டக்காரனை உட்காரவைக்கும், இன்னும் தயாராகாத பையன்களை மைதானத்தில் இறக்கிவிடும். அவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினாலும் ஜெயிக்க முடியாது.

சாம் ஹிங்கி 2013 மே மாதம் சிக்ஸர்ஸின் பொது மேலாளராக வந்தபோது எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நான் எண்களோடு புழங்குகிறவன். அவருடைய வாதம் எனக்கு உடனே புரிந்தது. அதற்கு முந்தைய சீசனில் அணி 34 வெற்றி, 48 தோல்வி. கோப்பைக்கும் போகாது, டிராஃப்டில் முன்வரிசையிலும் நிற்காது. அந்த நடு இடத்தில் மாட்டிக்கொண்ட அணி பத்து ஆண்டு ஆனாலும் அங்கேயே கிடக்கும். கூடைப்பந்தில் களத்தில் ஐந்து பேர்தான், ஒரே ஒரு மகத்தான ஆட்டக்காரன் ஒரு அணியின் தலையெழுத்தையே மாற்றிவிடுவான். அப்படிப்பட்டவன் ஃபிலடெல்ஃபியாவைத் தேடித் தானாக வரமாட்டான், டிராஃப்டில்தான் பிடிக்க வேண்டும். பிடிக்க முன்னால் நிற்க வேண்டும். முன்னால் நிற்கத் தோற்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் பொய் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

வந்த ஒரு மாதத்திலேயே அணியின் சிறந்த ஆட்டக்காரர் ஜ்ரூ ஹாலிடேயை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்துவிட்டு, கால் மூட்டுத் தசைநார் கிழிந்து கிடந்த நெர்லன்ஸ் நோயலையும் அடுத்த ஆண்டின் டிராஃப்ட் உரிமை ஒன்றையும் வாங்கினார். முதல் சீசனில் 19 வெற்றி, 63 தோல்வி. அதில் தொடர்ச்சியாக 26 தோல்வி. இரண்டாவது சீசனில் 18 வெற்றி, 64 தோல்வி. மூன்றாவது சீசனில் நான் ரயிலில் நின்றுகொண்டு போன அன்று வரை ஆடியது 18 ஆட்டம், பதினெட்டும் தோல்வி. முந்தைய சீசனின் கடைசிப் பத்தையும் சேர்த்தால் தொடர்ந்து 28. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் அதுவரை எந்த அணியும் அத்தனை தொடர்ந்து தோற்றதில்லை.

அன்று ஆட்டம் தொடங்கும் முன் கோபிக்கு அவருடைய பள்ளிச் சட்டையைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். 2002-இல் இதே ஊர், நட்சத்திரங்கள் சேர்ந்து ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் அவரைக் கூச்சல் போட்டு விரட்டியது. இந்தமுறை எழுந்து நின்று கைதட்டியது. முதல் சில நிமிடங்களிலேயே அவர் மூன்று த்ரீ, அதாவது தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிக் கூடைகள், அடித்தார். என் பக்கத்தில் இருந்த பெரியவர், சிக்ஸர்ஸ் தொப்பி போட்டவர், ஒவ்வொன்றுக்கும் எழுந்து கத்தினார். மூன்றாவது விழுந்ததும் உட்கார்ந்து, எங்கள் அணியின் பெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கோபியின் கை விட்டுப்போனது. 26 முறை எறிந்து 7 தான் விழுந்தது. மெல்ல மெல்ல எங்கள் பையன்கள் ஆட்டத்துக்குள் வந்தார்கள். டி.ஜே. மெக்கானல் என்று ஒரு பையன். டிராஃப்டில் யாரும் சீண்டாதவன். எதிரணி பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறியும் அந்த நொடியிலேயே பாய்ந்து தட்டப் பார்ப்பான். பந்து தரையில் உருண்டால் முதலில் விழுகிறவன் அவனாக இருப்பான். ராபர்ட் கவிங்டனும் டிராஃப்டில் பெயர் வராதவர்தான். நான்காம் குவார்ட்டரின் கடைசி நிமிடங்களில் ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அரங்கில் எழுந்த சத்தம் கோபிக்கானது இல்லை. 103-91. சீசனின் பதினைந்தாவது வெற்றிக்கோ ஐம்பதாவது வெற்றிக்கோ யாரும் அப்படிக் கத்தமாட்டார்கள். அது முதல் வெற்றி. பக்கத்துப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். நாங்கள் ஒருவரையொருவர் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்கடுத்து மறுபடியும் 12 தோல்வி. 1 வெற்றி, 30 தோல்வி என்ற நிலையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஐஷ் ஸ்மித்தைத் திருப்பி வாங்கினார்கள். நட்சத்திரம் ஒன்றும் இல்லை, ஊர் ஊராக மாறி மாறி ஆடிய ஒரு பாயிண்ட் கார்ட், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். கொடுத்த விலை இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகள் இரண்டு, எல்லா அணிகளும் ஒருமுறை எடுத்து முடித்தபின் வரும் மலிவான உரிமைகள். ஜனவரியில் எல்டன் பிராண்டைக் கூட்டிவந்தார்கள், வயது 36, இளசுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும் என்று. சீசன் முடிந்தபோது 10 வெற்றி, 72 தோல்வி. அதாவது ஸ்மித் வந்தபின் ஆடிய 51 ஆட்டத்தில் 9 வெற்றி. இதுவும் மோசம்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. பந்து சரியான நேரத்துக்குச் சரியான கைக்குப் போனது. அதற்கு முன்பு திக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த நோயல் வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தை வாங்கி அடிக்கத் தொடங்கினார்.

இங்கே என் பள்ளிக்கூட நினைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஒன்பதாவது படித்தபோது பெரிய அண்ணன்கள் மொத்தமாகப் பன்னிரண்டாவது முடித்துப் போய்விட்டார்கள். கூடைப்பந்து அணி முழுக்க எங்கள் வயதுப் பையன்கள். போன இடமெல்லாம் அடி. பி.டி. சார் எங்களைத் திட்டவில்லை. பழைய மாணவர் ஒருவரைப் பிடித்து, வேலை முடிந்து சாயங்காலம் வந்து எங்களோடு ஆடச் சொன்னார். அந்த அண்ணன் சிமென்ட் கோர்ட்டில் ஆடும்போது வாயை மூடவே மாட்டார். "வலது பக்கம் வர்றான் பாரு, நான் இருக்கேன், நீ போ, கையைத் தூக்கு." டிஃபன்ஸ் என்பது பேசிக்கொண்டே ஆடுவது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அந்த ஆண்டும் தோற்றோம். ஆனால் எதைச் சரிசெய்தால் அடுத்த ஆட்டத்தில் நெருங்கலாம் என்று தெரிந்துகொண்டு தோற்றோம். ஹிங்கியின் அணியில் முதல் இரண்டரை ஆண்டும் இல்லாமல் போனது அந்த அண்ணன்தான்.

சரி, தோற்றதற்குக் கிடைத்தது என்ன? 2014-இல் மூன்றாவதாக ஜோயல் எம்பீட், கேமரூன் நாட்டுப் பையன், பாதத்தில் காயத்தோடு வந்தார், இரண்டு முழு சீசன் ஆடவே இல்லை. 2015-இல் மூன்றாவதாக ஜலீல் ஒகாஃபர். நோயல், எம்பீட், ஒகாஃபர் மூவரும் சென்டர், வளையத்தின் அருகே ஆடும் நெட்டையர்கள். மூன்று ஆண்டில் ஒரே இடத்துக்கு மூன்று பேர்! 2016-இல் முதலாவதாக பென் சிம்மன்ஸ், 2017-இல் பாஸ்டனோடு இடம் மாற்றிக்கொண்டு முதலாவதாக மார்கெல் ஃபுல்ட்ஸ். அந்த மாற்றத்தில் பாஸ்டன் மூன்றாவதாக எடுத்தது ஜேசன் டேட்டமை. 2024-இல் பாஸ்டன் கோப்பை வாங்கியபோது அவர்தான் அந்த அணியின் முகம்.

ஹிங்கி அதற்குள் போய்விட்டார். 2016 ஏப்ரலில் 13 பக்கக் கடிதம் எழுதிவிட்டு விலகினார். அவர் விதைத்ததில் எம்பீட் மட்டும் பெரிதாக வளர்ந்தார். 2023-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2017-18-இல் அணி 52 வெற்றி எடுத்தது. அந்த மகிழ்ச்சியை நான் மறைக்கமாட்டேன். நான் ஊர் திரும்பிவிட்டேன், விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து போனில் பார்ப்பேன். 2019 மே 12, பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் டொரண்டோவோடு ஏழாவது ஆட்டம், ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்கு. கடைசி நொடியில் கவை லெனர்ட் எறிந்த பந்து வளையத்தின் மேல் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. 92-90. எம்பீட் அழுதுகொண்டே உள்ளே போனார். எம்பீட் காலத்தில் 2025 வரை அந்த அணி பிளேஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. கவை டிராஃப்டில் 15-ஆவதாக எடுக்கப்பட்டவர்.

டிராஃப்ட் இடங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனால்தான். 2023-இல் டென்வருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த நிகோலா யோகிச், எம்பீட் வந்த அதே 2014 டிராஃப்டில் 41-ஆவது. மில்வாக்கியின் யானிஸ் 15-ஆவது. ஸ்டெஃபன் கரி ஏழாவது. இவர்களை எடுக்க யாரும் 72 ஆட்டம் தோற்க வேண்டியிருக்கவில்லை. கண் வேண்டியிருந்தது, எடுத்தபின் பொறுத்திருந்து வளர்க்க ஆள் வேண்டியிருந்தது.

தோற்றால் முதலிடம் உறுதி என்றால்கூட ஒரு நியாயம் உண்டு. அதுவும் கிடையாது. முன்பு லீகின் இரண்டு பிரிவுகளிலும் கடைசியில் நின்ற அணிகளுக்கு இடையே, முதலிடம் யாருக்கு என்று நாணயம் சுண்டுவார்கள். 1984-இல் ஹூஸ்டன் சீசனின் கடைசி வாரத்தில் 38 வயது எல்வின் ஹேய்ஸை ஒரே ஆட்டத்தில் 53 நிமிடம் ஆடவைத்து ஒரு ஆட்டத்தைத் தோற்றது, நாணயமும் அவர்கள் பக்கம் விழுந்து ஒலாஜுவான் கிடைத்தார். அடுத்த ஆண்டே லீக் லாட்டரியைக் கொண்டுவந்துவிட்டது. பின்னாளில் 14 பந்துகள், அதில் நான்கு எடுத்தால் 1,001 சேர்க்கை, ஒன்றை விட்டுவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கு போடுவார்கள். கடைசி இடத்து அணிக்கு முன்பு 250 சீட்டு. ஃபிலடெல்ஃபியா அடித்த அடியில் விதியை மாற்றி, 2019 முதல் கடைசி மூன்று அணிக்கும் ஆளுக்கு 140. மிகமிக மோசமான அணி ஐந்தாவது இடத்துக்குச் சறுக்கும் வாய்ப்பு 47.9 சதவீதம், கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. 2019 முதல் 2025 வரை நடந்த ஏழு லாட்டரியில் கடைசி இடத்து அணிக்கு ஒருமுறைகூட முதலிடம் விழவில்லை. டெட்ராய்ட் 2023-இல் கடைசி, கிடைத்தது ஐந்தாவது. 2024-இல் 14 வெற்றியோடு மறுபடியும் கடைசி, மறுபடியும் ஐந்தாவது. 2025-இல் யூட்டா 17 வெற்றியோடு கடைசி, அதற்கும் ஐந்தாவது. அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃப்ளாக் போனது வெறும் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டாலஸுக்கு.

இதை எழுதும்போது ஓக்லஹோமா சிட்டி பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். டேங்கிங்கை ஆதரிப்பவர்கள் கையில் இப்போது இருக்கும் பெரிய ஆயுதம் அதுதான். நானும் அதை நீண்ட நாள் உருட்டிப் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸிடம் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம், என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அந்த சீசனில் மொத்தம் 24 வெற்றி, 58 தோல்வி. மூன்றே ஆண்டு கழித்து 68 வெற்றி, கோப்பை. தோற்றுத்தானே வந்தார்கள்?

தோற்றார்கள், உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு நல்ல உடல்நிலையில் இருந்த அல் ஹார்ஃபோர்டை மார்ச்சோடு உட்காரவைத்ததும் உண்மை. ஆனால் கோப்பையைத் தூக்கிய கைகளை எண்ணிப் பாருங்கள். ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ் அணியான கிளிப்பர்ஸிடமிருந்து வாங்கியவர், தோற்பதற்கு முன்பே அணிக்கு வந்துவிட்டவர். ஜேலன் வில்லியம்ஸ் 12-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர், அந்த இடமும் அதே பேரத்தில் கிளிப்பர்ஸ் கொடுத்தது. லூ டார்ட்டை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. அலெக்ஸ் கருசோவையும்தான். ஹார்ட்டன்ஸ்டைன் சம்பளம் பேசி வந்தவர். 22 வெற்றி, 50 தோல்வி என்று ஒரு ஆண்டு கிடந்ததற்கு அவர்களுக்கு விழுந்தது ஆறாவது இடம்தான். அதில் எடுத்த ஜோஷ் கிடியைக் கொடுத்துத்தான் பிறகு கருசோவை வாங்கினார்கள். தோல்வி நேரடியாகக் கொண்டுவந்து சேர்த்தது ஒருவரை மட்டும், 2022-இல் இரண்டாவதாக வந்த செட் ஹோம்கிரன். அவர் இல்லாமல் கோப்பை கிடைத்திருக்காது என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷே அந்த மோசமான ஆண்டுகளிலும் அணியிலேயே இருந்தார். டார்ட் இருந்தார். 2020-இல் வந்த கோச் மார்க் டெய்க்னால்ட் மாறவே இல்லை. புதிதாக வந்த பையனுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தது.

1997-இல் சான் அன்டோனியோவின் ஸ்பர்ஸ் அணியும் அப்படித்தான். டேவிட் ராபின்சன் காயத்தில் ஆறே ஆட்டம் ஆடிய ஆண்டில் 20 வெற்றி, லாட்டரியில் டிம் டங்கன். அதைவிட மோசமாக 15 வெற்றியோடு காத்திருந்த பாஸ்டனுக்கு அவர் கிடைக்கவில்லை. டங்கன் வந்து இறங்கியபோது ராபின்சன் குணமாகி அங்கே இருந்தார். ஒரு பெரிய மரத்தின் பக்கத்தில் நடப்பட்ட கன்று அது.

ஃபிலடெல்ஃபியாவில் நட்டது பொட்டல் நிலத்தில். கோச் பிரெட் பிரவுன் முதல் மூன்று சீசனில் 47 வெற்றி, 199 தோல்வி. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அந்த மனிதர் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து நின்று பொறுமையாகப் பதில் சொல்வார். தனக்கு என்ன பொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், அதை ஒருநாளும் பையன்கள் மேல் தூக்கிப் போட்டதில்லை. ஒகாஃபர் கல்லூரியில் கோப்பை வென்றுவிட்டு வந்தவர். 19 வயதில், வந்த சீசனிலேயே முதல் 18 ஆட்டமும் தோல்வி. அவருடைய ஆட்டம் அதன்பின் எழவே இல்லை. அதற்கு டிஃபன்ஸ் தெரியாதது, ஆட்டத்தின் பாணியே மாறிப்போனது என்று பல காரணம் சொல்வார்கள், எல்லாம் சரி. ஆனாலும் 2015 நவம்பரில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் டவலைத் தலையில் போட்டுக்கொண்டு போகும் அந்தப் பையனைப் பார்த்தவன் நான். அவனுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு போடப்பட்டதா?

தோற்பது உதவுமா என்று இப்போது அந்தத் தம்பி கேட்டால், ஒரு சீட்டு கிடைக்கும், அவ்வளவுதான் என்பேன். வீட்டில் சோறும் ஆளும் இருப்பவன் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினால் விழுந்தால் லாபம், விழாவிட்டால் சின்ன நஷ்டம். வீட்டையே விற்றுச் சீட்டு வாங்கினால், பரிசு விழுந்தாலும் கொண்டுபோய் வைக்க இடம் வேண்டுமே. ஹிங்கியின் கணக்கில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. நடு இடத்தில் கிடப்பது மோசம் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் அளந்தது டிராஃப்டில் அணி எங்கே நிற்கும் என்பதை மட்டும். பக்கத்தில் நின்று "நான் இருக்கேன், நீ போ" என்று சொல்கிறவனுக்கு அவர் விலை போடவில்லை. இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள்தான் அதன் விலை என்பது அந்த கிறிஸ்துமஸுக்கு முன்தினம் தெரிந்தது.

2025 ஜூனில் இறுதித் தொடர் நடந்தபோது நான் எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். ஓக்லஹோமா சிட்டியும் இண்டியானாவும். ஏழாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இண்டியானாவின் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். அவருக்குப் பதிலாகப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடியவர்களில் ஒருவருக்கு வயது 33. ஃபிலடெல்ஃபியாவின் 10 வெற்றி அணியில் டிராஃப்டில் யாரும் எடுக்காமல் வந்து சேர்ந்த டி.ஜே. மெக்கானல். மூன்றாம் குவார்ட்டரில் அணி சரிந்துகொண்டிருந்தபோது அவர் மட்டும் உள்ளே புகுந்து புகுந்து கூடை போட்டுக்கொண்டிருந்தார். எதிரணி பந்தை உள்ளே எறியும்போது அதே பாய்ச்சல். எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தேன்.

இண்டியானா தோற்றது. 103-91. அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றி, பழைய பெட்டியைத் திறந்து அந்த டிசம்பர் டிக்கெட்டை எடுத்தேன். பின்பக்கத்தில் அன்று இரவே ரயிலில் உட்கார்ந்து பேனாவால் எழுதிவைத்திருந்தேன். அதே 103-91. தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "யாருண்ணே ஜெயிச்சது?" என்று கேட்டிருந்தான்.